பூனைக்கு இருந்த இடம்

‘அண்ணே’ என்கிற ஒரு சொல்லின் விலை நாலு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். ஜிஎஸ்டி தனி.

பேரம் பேசாமல் வாங்கிவிடவில்லை. ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடையில் தலை நரைத்த தவசிமுத்து அண்ணாச்சி, எமன் எருமையோடு வந்து நின்றாலும் “எருமைக்கு எவ்வளவு சொல்லுதீரு?” என்று ஆரம்பிக்கிற ரகம். ஆனால் கார்டு விற்ற மொத்த வியாபாரி அசையவில்லை. “அண்ணாச்சி, இந்தக் கார்டு நாட்டுக்கே இருநூறுதான் இறங்கியிருக்கு. உங்களுக்கு வேணாம்னா வெளியில வரிசை நிக்குது” என்றான். அண்ணாச்சியே தினம் நாலு பேரிடம் சொல்கிற வசனம். தன் சரக்கைத் தனக்கே விற்கிறானே என்று வயிறெரிந்துகொண்டு பணத்தை அனுப்பினார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொளத்தூருக்கு ஆட்டோவில் போனார். பள்ளம் வரும்போதெல்லாம் பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, நூற்றிருபத்தெட்டு ஜிபி மெமரி. அதை மாட்டினால், போன மாதம் செத்துப்போன தங்கச்சி சந்தனக்கனி தன்னை அடையாளம் கண்டு, அந்த ‘ணே’யை ஒரு முழம் இழுத்து, ‘அண்ணே’ என்பாள். அதுதான் அவர் போட்ட கணக்கு.

சாகப் போகிறவர்கள் வீடு கட்டிக்கொள்கிற காலம் அது. செங்கல் வீடு இல்லை. வீடியோ கேம் ஓடுகிற என்ஜினுக்குள்ளே கட்டுகிற வீடு. நினைவு மனை என்று பெயர். டாக்டர் கையை விரித்த நாளிலிருந்து, நோயாளி தன் வீட்டை, முகத்தை, குரலை, ஞாபகங்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்றி வைப்பார். அவர் போன பிறகு குடும்பத்தார் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனால், எழுந்து வந்து ‘சாப்பிட்டியா’ என்பார். ஆள் கண்ணை மூடிய அன்றே மனைக்கு முத்திரை விழுந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு சொல்லைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. முத்திரை இல்லாத ஆரம்ப வருஷங்களில், செத்துப்போன அப்பாக்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ‘வீடு மூத்தவனுக்குத்தான்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் சட்டம் போட்டார்கள்.

மனை ஓட மெஷின் வேண்டும். அங்கே இருந்தது அண்ணாச்சியின் பிழைப்பு. மட்டமான கார்டு போட்டால் அப்பாவின் மீசை தார் பூசின மாதிரி இருக்கும். அம்மா நடந்தால் புடவை அசையாது. கேட்ட கேள்விக்கு ஒரு தம்ளர் காபி குடித்து முடித்த பிறகு பதில் வரும். “பெத்த தாயை இப்படியா பாக்கணும்?” என்று அண்ணாச்சி மெதுவாக ஒரு கேள்வி போடுவார். வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த விலைக்கு ஏறிவிடுவார். துக்க வீட்டுக்காரன் பேரம் பேச மாட்டான் என்கிற உண்மையை, பூக்கடைக்காரனுக்கும் அமரர் ஊர்திக்காரனுக்கும் அடுத்தபடியாகக் கண்டுகொண்டவர் அவர்.

அதனால் உலகத்தில் தீராத பிரச்சினை என்று ஒன்று உண்டென்பதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. கான்ஃபிகரேஷன் தப்பு, அவ்வளவுதான்.

கருமாதி அன்று நடந்ததும் அப்படித்தான் என்று சபையில் சொல்லிவிட்டிருந்தார். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க, முதல் ஆளாகக் கண்ணாடியை மாட்டி உள்ளே போனார். மங்கலாக, முகத்தில் பாதி தெளியாமல் நின்ற கனி அவரைப் பார்த்து, “வாங்க, யாரைப் பாக்கணும்?” என்றாள். கூடத்துத் திரையில் அதை எல்லாரும் பார்த்தார்கள். ஒரு சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. “மெமரி பத்தல. ஆளுகளை என்ஜின் கீழ இறக்கி வச்சிருக்கு. பெரிய கார்டு போட்டா எல்லாம் வந்துரும்” என்று அண்ணாச்சி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பழைய கார்டைப் பற்றி, அங்கே இருந்த யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி அவருக்குத் தெரியும். அதனால் தான் சொன்னதை அவரே முழுசாக நம்பினார்.

கனியின் புருஷன் சுயம்புலிங்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். பந்தி முடிகிற நேரத்துக்குச் சரியாக வந்து சேர்கிற சொந்தக்காரர்களைப் பார்த்துப் பார்த்து, யார் வந்தாலும் ஒரே மாதிரி ‘வாங்க’ சொல்லப் பழகிய மனுஷன். மச்சானுக்கும் அதே ‘வாங்க’தான் கிடைத்தது.

“மாப்ள, அந்தப் பழசைக் கழட்டிக் குப்பையில போடுங்க.”

“குப்பையா?” என்றார் சுயம்பு. “நீங்க குடுத்ததுதானே மச்சான்.”

“அது அந்தக் காலத்துச் சரக்கு. இதைப் பாருங்க, புது மாப்பிள்ளை கணக்கா இருக்கு.”

“என்ன விலை?”

“உங்ககிட்ட விலை சொல்லுவனா? என் தங்கச்சிக்கு நான் செய்யுதேன்.”

“பில் இருக்கா?”

அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். சொந்தத்துக்குள்ளே பில் போடுகிற வழக்கம் அவர்கள் வகையறாவில் கிடையாது. பில் கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தம். பில் கொடுத்தால் நீ அன்னியன் என்று அர்த்தம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்கள் உண்டு. “பில்லு போட்டா நாளைக்கு நல்லது கெட்டதுக்கு எந்த முகத்தோட வருவேன்?” என்றார்.

“அவளும் பழசை வாங்குன அன்னைக்குக் கேட்டா. இதே பதில்தான் சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு, சுயம்பு ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார்.

மாட்டி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

சும்மா சொல்லக்கூடாது, நாலு எண்பதுக்கு மோசமில்லை. அதே கொளத்தூர் வீடு. ஆனால் சுவரில் போன தீபாவளிக்கு அடித்த சுண்ணாம்பின் கீழே அதற்கு முந்தின பச்சை தெரிந்தது. ஜன்னல் கொடியில் காயப்போட்ட துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டு தரையில் விழுந்து தெறித்தது. எதிர் நாற்காலியில் ஒரு காது கிழிந்த பூனை. வீடியோ கேமுக்குத் தெருவும் வீடும் வரைகிற கனி, வேலை பார்க்கும்போது எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருக்குமாம், அதனால் அதற்கு மேஸ்திரி என்று பெயர். அதன் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் படுத்து எழுந்தது. அத்தனை முடிக்கும் கணக்குப் போட வேண்டுமென்றால் அந்தக் கார்டு என்ன உழைப்பு உழைக்க வேண்டும் என்று அண்ணாச்சிக்குள்ளே இருந்த வியாபாரி புல்லரித்துப் போனான்.

கனி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். விசித்திரமாக, அது அவள் பக்கம் திரும்பியிருக்கவில்லை. மெஷினைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நெற்றியெல்லாம் வேர்வை. ஒவ்வொரு துளியிலும் ட்யூப் லைட் வளைந்து தெரிந்தது.

“கனி.”

திரும்பினாள். முகம் முழுசாக இருந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து அவர் தள்ளிவிட்டதில் விழுந்த புருவத் தழும்பு வரைக்கும் இருந்தது.

“வாங்க. யாரைப் பாக்கணும்?”

“என்னட்டி இப்படிக் கேக்க? நான்தாம்ட்டி. அண்ணன்.”

தப்பான நம்பருக்கு ஃபோன் போட்டவரிடம் நல்ல மனுஷர்கள் பேசுகிற குரலில் அவள் சொன்னாள்: “வீடு மாறி வந்துட்டீங்க போல. எனக்கு அண்ணன் கிடையாதுங்க. நான் ஒத்தப்பிள்ளை. தண்ணி குடிக்கிறீங்களா? வெயில்ல வந்திருக்கீங்க.”

துளி தாமதம் இல்லை. கேட்ட மாத்திரத்தில் பதில். அந்த வேகத்துக்குத்தான் அவ்வளவு விலை.

அண்ணாச்சி கண்ணாடியைப் பிடுங்கினார். “ஏதோ செட்டிங் தப்பு. டிரைவர் புதுசா போடணும். இல்லன்னா…”

“செட்டிங் சரியா இருக்கு மச்சான்.”

“ஒமக்கு என்ன தெரியும்? நூத்தியிருபத்தெட்டு ஜிபி, எம்புட்டு ஏறியிருக்கு பாரும்!” கோபம் வந்ததும் ‘நீங்க’ போய்விட்டது. அவரே திரையைத் தட்டிப் பார்த்தார். மனை மொத்தமும் ஏறியிருந்தது. பதினாறு ஜிபிக்கு ஒரு மயிரிழை குறைவு. மீதி நூற்றுப்பன்னிரண்டும் காலியாக, கூட்டம் வராத மண்டபம் மாதிரிக் கிடந்தது.

“ஆக்குன சோறு அவ்வளவுதான்” என்றார் சுயம்பு. “நீங்க பெரிய அண்டா வாங்கிட்டு வந்திருக்கீங்க. அண்டா பெருசானா சோறு கூடுமா?”

“என்னைய எதுக்கு விட்டா? அதைச் சொல்லும்.”

சுயம்பு எழுந்து போய் அந்தப் பழைய கார்டை எடுத்து வந்து, கறிவேப்பிலை வைப்பது மாதிரி மேஜையோரம் ஒதுக்கி வைத்தார்.

“இது எத்தனை ஜிபி மச்சான்?”

அண்ணாச்சி கைக்குட்டையைத் தேடினார்.

“பெட்டி மேல முப்பத்திரண்டு. மெஷின்ல கேட்டாலும் முப்பத்திரண்டுன்னுதான் சொல்லும். ஆனா பதினாறைத் தாண்டி எதை ஏத்துனாலும் திரை கறுத்துடும். அவ கேம் கம்பெனிக்கு ஒரு கடைத்தெரு கட்டிக் குடுத்தாளே, ஞாபகம் இருக்கா? டீக்கடை, தள்ளுவண்டி, மழைத்தண்ணி எல்லாம் போட்டு ஒரு வருஷ வேலை. அவங்க பாக்கும்போது முழுசா ஓட்டிக் காட்டணும். ஓட்டுனா. பாதித் தெரு வந்ததும் கறுத்துடுச்சு. இன்னொரு தரம் ஓட்டுனா. அதே பாதி. கம்பெனிக்காரன் மரியாதையா நன்றி சொல்லிட்டுப் போயிட்டான். தான்தான் தப்பா கட்டிட்டோம்னு நினைச்சு, ஒவ்வொரு ஓடா, ஒவ்வொரு கல்லா எடுத்து எடுத்துத் தெருவையே மொட்டையடிச்சா. உங்களுக்கு ஃபோன் பண்ணா. என்ன சொன்னீங்க?”

அண்ணாச்சிக்கு ஞாபகம் இருந்தது. எதிரே ஒரு பெரிய பார்ட்டி உட்கார்ந்திருந்த நேரம். ‘வெயில் சூட்டுல தொங்கும்ட்டி, ஃபேனைத் திருப்பி வையி’ என்று சொல்லி வைத்துவிட்டார்.

“சாகற வரைக்கும் அந்த ஃபேன் அவ பக்கம் திரும்பல” என்றார் சுயம்பு.

கம்ப்யூட்டரில் கிரிப்டோ நாணயம் தோண்டி மூடிப்போன ஒரு கொட்டகையிலிருந்து மொத்தமாக வந்த லோடு அது. ராப்பகலாக ஓடி வெந்துபோன கார்டுகள். பாதி மெமரி செத்திருக்கும். பெட்ரோலில் பல்துலக்கும் பிரஷ்ஷைத் தொட்டுத் தேய்த்து, ஃபேனை மாற்றி, உள்ளே அளவைச் சொல்கிற சாஃப்ட்வேர் எழுத்தையும் திருத்தினால், கார்டு தன்னையே முழுசு என்று நம்பிவிடும். பதினெட்டாயிரத்துக்கு எடுத்தது. கனிக்கு ‘உனக்குன்னு அடக்க விலை’ என்று அறுபத்திரண்டுக்குக் கொடுத்தார். பொம்மைதானே வரைகிறாள், பாதிக்கு மேல் எங்கே போகப் போகிறாள் என்பது அவர் நினைப்பு. பில் இல்லை, ஆகையால் வாரண்டியும் இல்லை.

“தெரிஞ்சிருந்தா…” என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். “வியாதி வந்த பெறவு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வேற கார்டை நானே கொண்டாந்து…”

“நானும் அதைத்தான் சொன்னேன். மனை கட்டும்போதுதான் அவளுக்கு விஷயம் புரிஞ்சுது. ஒவ்வொரு ஜிபியா ஏத்திப் பாத்து, எங்க சாகுதுன்னு கண்டுபிடிச்சா. ‘உங்க அண்ணன்கிட்ட கேளு’ன்னேன். ‘கேட்டா இன்னொண்ணு குடுப்பான். அதுவும் பாதியாத்தான் இருக்கும்’னா. வெளியில வாங்க என்கிட்ட ஏது காசு? ஆஸ்பத்திரிக்கே பத்தல.”

தெருவில் இஸ்திரி வண்டிக்காரன் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனான்.

“பதினாறுக்குள்ள ஒரு ஆயுசை அடக்கணும். முதல்ல பள்ளிக்கூடத்தைத் தூக்குனா. அப்புறம் எங்க கல்யாணத்துல பாதி. பந்தி இருக்கு, நாதஸ்வரம் இல்ல. கடைசியில ரெண்டுல ஒண்ணுன்னு வந்துச்சு. நீங்க, இல்லன்னா மேஸ்திரி.”

“பூனையா?”

“நானும் சண்டை போட்டேன் மச்சான். அவ சொன்னா: ‘அண்ணன்னா தனியா வரமாட்டான். கூடவே எங்க அப்பா வரணும், கடை வரணும், சைக்கிள் வரணும், அவன் பேசுன பேச்சு, நான் அழுத அழுகை, சமாதானத்துக்கு வாங்கிக் குடுத்த பால்கோவா, எல்லாம் வரணும். எதை விட்டாலும் அது அவன் இல்ல. அத்தனைக்கும் இடம் இல்ல. பூனைன்னா பூனை மட்டும்தான்.’ ”

அண்ணாச்சியின் வியாபாரி மனசு அப்போதும் ஒரு ஓட்டை தேடியது. “ஒரு ஓரத்துல, ஒரு வரியாச்சும்…”

“ஒரு வரி இருக்கு” என்றார் சுயம்பு. “உள்ள போய் அவ மெஷினைப் பத்திக் கேளுங்க.”

இரண்டாம் தடவை உள்ளே போனபோது, அவள் முதல் தடவை பார்ப்பவள் மாதிரியே திரும்பினாள். முத்திரை விழுந்த மனையில் நேற்று வந்தவனும் இன்று புதியவன்தான்.

“வாங்க. யாரைப் பாக்கணும்?”

“ஒண்ணுமில்லம்மா. மெஷின் ரிப்பேர் பாக்க வந்தேன்.”

“நல்லதாப் போச்சு, உக்காருங்க. மேஸ்திரி, எந்திரி, அவர் உக்காரட்டும்.” பூனை நாற்காலியை விட்டு நகரவில்லை. கனி சிரித்தாள். “அது யாருக்கும் இடம் குடுக்காது.”

அண்ணாச்சி நின்றுகொண்டே கேட்டார். “ஃபேன் எதுக்கும்மா மெஷினைப் பாத்துச் சுத்துது?”

“இல்லன்னா தொங்கிடுங்க. கார்டு சரியில்ல.”

“யாரு குடுத்தா?”

“யாரோ ஒரு கடைக்காரன்” என்றாள் கனி. கோபமே இல்லை, மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். “பழசைப் புதுசுன்னு குடுத்துட்டான். பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ. நீங்களும் இந்தத் தொழில்லதான் இருக்கீங்க. யாருக்காவது வாங்கிக் குடுத்தீங்கன்னா, பில் இல்லாம வாங்காதீங்க. சொந்தக்காரனா இருந்தாலும்.”

நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினாள். அண்ணாச்சியின் கை தானாக நீண்டு ஃபேனை அவள் பக்கம் திருப்பப் போனது. கை ஃபேனுக்குள் புகுந்து வெளியே வந்தது. அங்கே அவருக்குக் கையும் கிடையாது.

கண்ணாடியைக் கழற்றியபோது சுயம்பு ஏற்கனவே ஸ்க்ரூடிரைவரோடு நின்றார்.

“பெருசைக் கழட்டிடறேன் மச்சான். எடுத்துட்டுப் போயிடுங்க.”

“இருக்கட்டும் மாப்ள. அவ முகமாவது தெளிவாத் தெரியுதுல்ல.”

“அதான் வேணாங்கறேன். வேர்வை தெரியுது. பழசுல மங்கலா இருந்துச்சு, வேலை பாத்துட்டு இருக்கான்னு நினைச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்திருப்பேன்.” கார்டைத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்து நீட்டினார். “வாங்க, வாசல் வரைக்கும் வரேன்.” கடைசிப் பந்திக்காரரை வழியனுப்புகிற அதே மரியாதை.

மறுநாள் அண்ணாச்சி கடையைத் திறந்து, பிள்ளையாருக்குப் பூப்போட்டு, ஊதுவத்தி கொளுத்துவதற்குள் வடபழனி விளம்பரப் பட ஸ்டூடியோவிலிருந்து ஒரு பையன் வந்துவிட்டான். அந்தக் கார்டுக்காக ஊரெல்லாம் அலைந்தவன்.

“சீல் பிரிச்சிருக்கே அண்ணாச்சி?”

“ஒரே ஒரு தரம் ஒரு வீட்டுல மாட்டிப் பாத்தது.”

“நல்லா ஓடுச்சா?”

“ரொம்ப நல்லா ஓடிச்சு” என்றார் அண்ணாச்சி. “மயிரு மயிரா தெரிஞ்சுது.”

ஐந்து இருபது சொல்லி ஐந்து பத்துக்கு முடிந்தது. போணி நேரத்தில் வந்த காசை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் அது அண்ணாச்சியே இல்லை. “பில் வேணாம், வரியைக் கழிச்சுக்குங்க” என்றான் பையன். “பில் போடாமத் தரமாட்டேன்” என்றார். எதிர்க்கடை பீர்முகமது எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, கேக்காமலே பில்லா? இன்னைக்குக் குடை எடுத்துட்டு வரலையே நான்!” என்று கத்தினான். தெருவே சிரித்தது. அண்ணாச்சியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பையன் போனதும், வரிக்கணக்கில் வராத கச்சா பில் புத்தகத்தில் அடுத்த தாளைத் திருப்பினார். பெயர் என்கிற இடத்தில் சந்தனக்கனி என்று எழுதினார். உறவு என்று ஒரு கட்டம் பில்லில் கிடையாது. அது அந்தச் சமயத்தில் வசதியாக இருந்தது.

பழைய கார்டு ஒன்று. வாங்கியது பதினெட்டாயிரம், விற்றது அறுபத்திரண்டாயிரம். லாபம் நாற்பத்து நாலாயிரம்.

புதிய கார்டு ஒன்று. வாங்கியது நாலு எண்பது, விற்றது ஐந்து பத்து. லாபம் முப்பதாயிரம்.

ஆட்டோ, போக வர எழுநூறு. கழிவு.

ஆக கனி வகையில் நிகர லாபம் எழுபத்து மூவாயிரத்து முந்நூறு ரூபாய். இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். பைசா பிசகவில்லை.

கீழே கோடு இழுத்துவிட்டு, கொடுக்க வேண்டிய சரக்குப் பாக்கி என்று எழுதி, பேனாவைக் கொஞ்ச நேரம் தாளின் மேலேயே வைத்திருந்தார். மை ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டு வந்தது.

பதினாறு ஜிபி.